ஆட்டோ ஆப் கம்பெனி ஷேர் வாங்கலாமா? திருமங்கலம் வாசகருக்குப் பதில்

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். வயது 61. ஓய்வுக்கால பணத்தில் 8 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், "மாமா, ஊபர் ஷேர் வாங்கிப் போடுங்க, இப்பதான் லாபத்துக்கு வந்திருக்கு" என்கிறான். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஆட்களைப் பார்க்கிறேன், பாதிப் பேர் போனை எடுத்து ஆப்பில்தான் ஆட்டோ கூப்பிடுகிறார்கள். அதனால் இந்தத் தொழில் வளரத்தான் செய்யும் என்று எனக்கும் படுகிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஒரு பைக் டாக்சி கம்பெனியின் பங்கை மார்க்கெட்டுக்கு வரும் முன்பே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஓலா ஷேர் வேறு விழுந்து கிடக்கிறது. எதை வாங்கலாம்?
(பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்:

வணக்கம் சார். கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நம் பங்குச் சந்தையில் நீங்கள் பார்க்கும் ஓலா ஷேர், ஆட்டோ கூப்பிடும் ஓலா இல்லை. அது ஓலா எலக்ட்ரிக், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பேட்டரி ஸ்கூட்டர் செய்யும் கம்பெனி. 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது, அந்த மாதமே இரண்டு மடங்குக்கு ஏறியது, அப்புறம் வெளியீட்டு விலைக்கும் கீழே போய்விட்டது. டாக்சி ஓலாவின் கம்பெனிப் பெயர் ஏ.என்.ஐ. டெக்னாலஜிஸ். அதுவும் சரி, பைக் டாக்சி ஓட்டும் ரேபிடோவும் சரி, நான் இதை எழுதும்போது சந்தையில் பட்டியலாகவில்லை. ஆகவே டாக்சித் தொழில் வளரும் என்ற நம்பிக்கையில் ஓலா எலக்ட்ரிக் வாங்கினால், உங்கள் கையில் இருக்கப்போவது ஸ்கூட்டர் தொழில். அதை எடைபோட வேண்டுமானால் அதற்கான கணக்கு முற்றிலும் வேறு.

இனி மாட்டுத்தாவணிக்கு வருவோம். கூட்டம் ஆப்பில் ஆட்டோ கூப்பிடுகிறது என்று நீங்கள் பார்த்தது உண்மைதான், ஆனால் அதிலிருந்து பங்குக்குத் தாவுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பஸ் நிறைந்து போவதும் டிப்போவுக்குக் காசு சேர்வதும் ஒன்றல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படியில் தொங்கிக்கொண்டு போன டிரிப்பிலும் நஷ்டக் கணக்கு வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஏனென்றால் கேள்வி எத்தனை பேர் ஏறினார்கள் என்பதல்ல, கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல், கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்பது. இந்தக் கம்பெனிகளையும் அதே கண்ணால் பார்த்தால் போதும் சார், அமெரிக்காவில் வேலை பார்க்கும் மருமகனைவிட நீங்கள் தெளிவாகப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். பயணி கொடுக்கும் 100 ரூபாயில் பங்குதாரருக்கு வந்து சேர்வது எவ்வளவு, அது கூடுகிறதா குறைகிறதா, அந்தத் தொகைக்கு இன்றைய விலை நியாயமா. கேட்க வேண்டியது இவ்வளவுதான்.

ஊபரின் 2024 வருடக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் உலகம் முழுக்க ஏறக்குறைய 1,127 கோடி டிரிப். இதில் ஆள் ஏறியது மட்டுமல்ல, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததும் சேரும். மொத்த வசூலில் பாதியை ஒட்டித்தான் ஆள் ஏற்றும் தொழில், மீதியில் பெரும்பகுதி சாப்பாட்டு டெலிவரி, கொஞ்சம் சரக்கு. வாடிக்கையாளர்கள் கொடுத்த மொத்தப் பணம் சுமார் 16,280 கோடி டாலர். இதை அவர்கள் கிராஸ் புக்கிங்ஸ் என்பார்கள், நீங்கள் வசூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஓட்டுநர், ஓட்டல்காரர் பங்கு போக, கம்பெனி தன் வருவாய் என்று கணக்கில் காட்டியது சுமார் 4,398 கோடி டாலர், அதாவது 100 ரூபாய்க்கு 27 ரூபாய். அந்த 27 ரூபாயிலிருந்து இன்சூரன்ஸ், சாஃப்ட்வேர் ஆட்கள் சம்பளம், விளம்பரம், சலுகை எல்லாம் கழித்துத் தொழிலில் மிஞ்சிய லாபம் சுமார் 280 கோடி டாலர். 100 ரூபாய்க்கு 1 ரூபாய் 70 காசு சொச்சம். டிரிப் கணக்கில் சொன்னால் ஒரு டிரிப்புக்கு கால் டாலர்.

இந்த 1 ரூபாய் 70 காசுதான் நீங்கள் வாங்கப்போகும் சரக்கு. இது குறைவு என்பதற்காக மட்டமான தொழில் என்று சொல்லவில்லை. 2022-ல் இதே இடத்தில் நஷ்டம் சுமார் 183 கோடி டாலர், 2023-ல் 111 கோடி டாலர் லாபம், 2024-ல் 280 கோடி. ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. வசூல் கூடக் கூட ஆபீஸ் செலவு அதே வேகத்தில் கூடுவதில்லை என்பதால் 1.70 என்பது மூன்றாகவோ நாலாகவோ ஆக வழி இருக்கிறது. அப்படி ஆகும் என்ற நம்பிக்கைதான் பங்கு விலையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மெல்லிசான லாபத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஓட்டுநருக்கு 100-க்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்து, அதைப் பயணியிடம் வாங்க முடியாமல் போனால், லாபத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

"இப்பதான் லாபத்துக்கு வந்திருக்கு" என்று மருமகன் சொன்னதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2024-ல் ஊபரின் நிகர லாபம் சுமார் 986 கோடி டாலர் என்று செய்தியில் வந்திருக்கும். தொழிலில் மிஞ்சியது 280 கோடி என்றேன், அப்புறம் இந்த 986 எங்கிருந்து வந்தது? இதில் சுமார் 640 கோடி டாலர் வரிக் கணக்கில் வந்த ஒரு தடவை வரவு. பழைய நஷ்டங்களை வைத்து இனிமேல் வரி கழித்துக்கொள்ளலாம் என்ற உரிமையை இதுவரை மதிப்பில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், லாபம் தொடர்ந்து வரத் தொடங்கியதும் அதைச் சொத்தாக எழுதினார்கள். கல்லாவில் அந்தப் பணம் விழவில்லை. இன்னொரு பகுதி, ஊபர் கையில் வைத்திருக்கும் மற்ற கம்பெனிகளின் பங்கு விலை ஏறியதால் வந்தது. இதே சமாசாரம் 2022-ல் தலைகீழாக நடந்தது. அந்த வருட நிகர நஷ்டம் 914 கோடி டாலர், அதில் சுமார் 700 கோடி டாலர் கையில் இருந்த மற்ற பங்குகளின் விலை சரிந்ததால் வந்தது. சீனாவை 2016-ல் டிடி கம்பெனிக்கும், தென்கிழக்கு ஆசியாவை 2018-ல் கிராப் கம்பெனிக்கும் விட்டுக்கொடுத்து, பணத்துக்குப் பதில் அவர்களுடைய பங்கை வாங்கிக்கொண்ட கம்பெனி இது. அந்தப் பங்குகள் ஏறினால் லாபம் பெருத்துத் தெரியும், இறங்கினால் நஷ்டம் பூதமாகத் தெரியும். இரண்டு வருடத்திலும் வண்டி ஓட்டும் தொழிலைப் பற்றி நிகர லாப எண் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஆகவே செய்தியில் வரும் நிகர லாபத்தை விட்டுவிட்டு, ஆபரேட்டிங் இன்கம் என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள்.

வருவாய் எண்ணும் அப்படித்தான் சில சமயம் ஏமாற்றும். 2022-ல் ஊபரின் வசூல் கூடியது சுமார் 28 சதவீதம், வருவாய் கூடியதோ 83 சதவீதம். தொழில் அவ்வளவு வேகமாக வளர்ந்ததா என்றால் இல்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஊபர் ஓட்டுநர்கள் தனித் தொழில் செய்பவர்கள் இல்லை, குறைந்தபட்சக் கூலிக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் உரிமையுள்ள வேலையாட்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே தொழில் முறையை மாற்ற வேண்டி வந்ததும், பயணி கொடுக்கும் முழுக் கட்டணத்தையும் வருவாயாகக் காட்டி, ஓட்டுநருக்குக் கொடுப்பதைச் செலவாகக் காட்டத் தொடங்கினார்கள். சரக்குத் தொழிலில் ஒரு கம்பெனியை வாங்கியதும் சேர்ந்தது. வருவாய் வீங்கியது, மிஞ்சும் காசு அதனால் ஒரு பைசா கூடவில்லை. அதனால்தான் வசூலையும் ஆபரேட்டிங் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன், நடுவில் இருக்கும் வருவாய் எண் கணக்கு முறைக்கு ஏற்ப ஆடும்.

இன்னும் இரண்டு சமாசாரம், இவை கொஞ்சம் நுணுக்கமானவை, ஆனால் விட்டுவிட முடியாது. கம்பெனிகள் அட்ஜஸ்டட் எபிட்டா என்று, வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிப்பதற்கு முந்தைய ஒரு லாபத்தைப் பெரிதாகப் போடுவார்கள். ஊபருக்கு 2024-ல் அது சுமார் 650 கோடி டாலர். அதில் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்காகக் கொடுத்ததைச் செலவாகச் சேர்ப்பதில்லை. அந்தத் தொகை மட்டும் சுமார் 180 கோடி டாலர். ஆண்டுதோறும் புதிய பங்கு அச்சடித்துச் சம்பளமாகக் கொடுத்தால் உங்கள் பங்கின் அளவு சுருங்கும், இல்லையென்றால் அது சுருங்காமல் இருக்கக் கம்பெனி தன் காசைப் போட்டுப் பங்கைத் திரும்ப வாங்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது செலவுதான். 2024 பிப்ரவரியில் 700 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கப்போவதாக ஊபர் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், அதில் ஒரு பங்கு இந்த ஓட்டையை அடைக்கத்தான் போகும். அடுத்தது ரொக்க வரவு. 2024-ல் எல்லாச் செலவும் போகக் கையில் நின்ற ரொக்கம், ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்பது, சுமார் 690 கோடி டாலர். நல்ல தொகை. ஆனால் அமெரிக்காவில் விபத்து இன்சூரன்ஸ் வழக்குகள் முடிய வருடக்கணக்கில் ஆகும், இன்று ஒதுக்கி வைக்கும் பணம் நாளைக்குக் கொடுக்க வேண்டிய பணம். தொழில் வளரும்போது ஒதுக்குவது அதிகமாகவும் கொடுப்பது குறைவாகவும் இருப்பதால், ரொக்க வரவு உண்மையைவிடக் கொஞ்சம் கொழுத்துத் தெரியும்.

சரி, விலைக்கு வருவோம். விலை தினமும் மாறுவதால் கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன், அன்றைய விலையை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஊபரின் மொத்தப் பங்குகள் சுமார் 210 கோடி. ஒரு பங்கு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால் முழுக் கம்பெனியின் விலை 16,800 கோடி டாலர். 2024-ன் ரொக்க வரவு 690 கோடியில் பங்காகக் கொடுத்த சம்பளம் 180 கோடியைக் கழித்தால் 510 கோடி. 16,800-ஐ 510-ஆல் வகுத்தால் 33. அதாவது வருடத்துக்கு ஒரு ரூபாய் சம்பாதிக்கும் பொருளுக்கு 33 ரூபாய் கொடுக்கிறீர்கள். சம்பாத்தியம் அப்படியே நின்றால் போட்ட காசு திரும்ப 33 வருடம் ஆகும், ஆகவே வேகமாக வளர்ந்தே தீர வேண்டும். பங்கு 60 டாலருக்குக் கிடைத்தால் இதே கணக்கு 25-க்கு இறங்கும், 40-க்குக் கிடைத்தால் 16 சொச்சம். கம்பெனி ஒன்றுதான், முதலீடு மூன்றும் வேறு வேறு. புது ஆண்டறிக்கை வந்ததும் மேலேயும் கீழேயும் புது எண்ணைப் போட்டு மறுபடி வகுக்க வேண்டும். "நல்ல கம்பெனியா" என்று மட்டும் கேட்டு, என்ன விலைக்கு என்று கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் முகம் வாடி வந்து உட்காருகிறார்கள்.

விலையின் வலிமைக்கு வரலாறே சாட்சி. ஊபர் 2019 மே 10-ந் தேதி 45 டாலருக்குப் பட்டியலானது, முதல் நாளே அதற்குக் கீழே முடிந்தது. அதே வருடம் மார்ச்சில் அதன் போட்டிக் கம்பெனி லிஃப்ட் 72 டாலருக்கு வந்தது. இரண்டும் ஒரே தொழில், ஒரே நாட்டில் தொடங்கியவை, ஒரே வருடம் சந்தைக்கு வந்தவை. லிஃப்ட் 2023-ல் 10 டாலருக்கும் கீழே போனது, 2024-ல்தான் முழு வருட லாபம் என்று ஒன்றைப் பார்த்தது, அதுவும் சுமார் 2 கோடியே 28 லட்சம் டாலர். ஊபர் 2023 டிசம்பரில், அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் இடம்பெறும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டிலேயே சேர்ந்துவிட்டது. தொழில் வளர்ந்தது என்பது இரண்டுக்கும் பொது, காசு சேர்ந்தது ஒன்றுக்குத்தான். சீனத்து டிடியோ 2021 ஜூன் கடைசியில் நியூயார்க்கில் பட்டியலான சில நாளிலேயே அந்த நாட்டு அரசின் விசாரணையில் மாட்டி, ஒரே வருடத்தில் சந்தையை விட்டே வெளியேறியது. அங்கேயும் வண்டியில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

லிஃப்ட் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரி 13-ந் தேதி அவர்கள் வெளியிட்ட காலாண்டு முடிவு அறிக்கையில் லாப விகிதம் 500 பேசிஸ் பாயிண்ட், அதாவது 5 சதவீதப் புள்ளி, கூடும் என்று அச்சாகியிருந்தது, உண்மையில் அது 50, அதாவது 0.5 சதவீதப் புள்ளி. ஒரு சைபர் கூடிப் போனது. திருத்தம் வருவதற்குள் சந்தை நேரம் முடிந்த பிறகான வர்த்தகத்தில் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் பறந்துவிட்டது. ஒரு சைபருக்கு இப்படி ஆடுகிற பங்கு என்றால், லாபம் எவ்வளவு மெல்லிசு, அது கூடும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு கனம் என்பதைப் பாருங்கள். ஓய்வு பெற்றவருக்கு இந்த ஆட்டம் தாங்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்தத் தொழிலில் போட்டி ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு மதுரையே போதும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் ஆட்டோவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் பாருங்கள், ஒரே போனில் இரண்டு மூன்று ஆப் திறந்திருக்கும். எதில் நல்ல சவாரி வருகிறதோ அதை எடுப்பார். பயணியும் அப்படித்தான், இதில் 90 ரூபாய் காட்டினால் அதில் 80 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புக் செய்கிறார். இரண்டு பக்கமும் விசுவாசம் இல்லாத இடத்தில் கமிஷனை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தவிர, இந்த வலைப்பின்னல் ஊர் ஊராகத்தான் பலிக்கும். சென்னையில் 10,000 வண்டி இருப்பதால் அவனியாபுரத்தில் நிற்பவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் தனியாகக் காசைக் கொட்டி ஜெயிக்க வேண்டும், பணம் வைத்திருக்கும் புதுக் கம்பெனி ஒன்று ஒரே ஒரு ஊரில் புகுந்து அடிக்க முடியும். இந்தியாவில் நடந்ததே அதுதான். பைக்கில் ஆரம்பித்த ரேபிடோ, ஆட்டோக்காரர்களிடம் சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல் ஒரு சந்தாத் தொகையை மட்டும் வாங்கத் தொடங்கியது. பெங்களூருவில் நம்ம யாத்ரி என்ற ஆட்டோ ஆப் வந்தது. கடைசியில் ஊபரும் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. அந்த வருடமே ஊபரின் தலைமை அதிகாரி டாரா கோஸ்ரோஷாஹி, இந்தியாவில் தங்களுக்குப் பெரிய போட்டி ஓலா இல்லை, ரேபிடோதான் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இதன் அர்த்தம் என்னவென்றால், மாட்டுத்தாவணியில் நீங்கள் பார்த்த அந்த ஆட்டோ சவாரியின் 100 ரூபாய், பயணி கையிலிருந்து நேராக ஓட்டுநர் கைக்குப் போகிறது. கம்பெனிக்குக் கிடைப்பது ஓட்டுநர் கட்டும் சந்தா மட்டும். ஓட்டுநருக்கு இது நல்லது, எனக்கு அதில் சந்தோஷம்தான், வெயிலில் நாள் பூராவும் ஓட்டுகிறவர் கையில் நாலு காசு கூட நிற்கட்டும். ஆனால் பங்கு வாங்குகிறவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து லாபத்தைக் கணக்குப் போடக் கூடாது. ஊபரின் வருவாயில் பாதிக்கும் மேல் அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை முழுக்க ஆப்பில் ஆட்டோ பிடித்தாலும் அந்தப் பங்கு அசையாது.

அரசு விதிகளும் இதில் பெரிய பங்கு. மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கு வரை வாங்கலாம், சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்று இருக்கிறது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்கள் கையில். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இப்படிப்பட்ட கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஓட்டுநருக்கு இது வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டிய பாதுகாப்பு. அதே சமயம் 100 ரூபாயில் ஒன்றிரண்டு ரூபாய் மிஞ்சும் தொழிலில் விற்றுமுதலில் ஒரு சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை என்பதைப் பங்குதாரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உங்கள் வாட்ஸ்அப் நண்பர் சொல்லும் பைக் டாக்சிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 ஜூனில் கர்நாடகத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பைக் டாக்சி சேவையே நின்றுபோனது. ஒரு மாநிலத்தின் தொழில் ஒரே உத்தரவில் நிற்கும் என்றால் அந்தக் கம்பெனிக்கு என்ன விலை கொடுப்பது என்று கேட்க வேண்டும்.

ஓட்டுநர் இல்லாத கார் பற்றி மருமகன் நிச்சயம் பேசியிருப்பார். அது நம் கீழவாசல் நெரிசலுக்கு இப்போதைக்கு வராது, ஆனால் பணம் வரும் அமெரிக்க நகரங்களில் வந்துவிட்டது. கூகுள் குடும்பத்தின் வேமோ கார்கள் ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் ஊபர் ஆப் வழியாக ஓடுகின்றன, சான் பிரான்சிஸ்கோவில் வேமோ தன் சொந்த ஆப்பிலேயே ஆள் ஏற்றுகிறது. ஊபரோ தன் சொந்த தானியங்கிக் கார் பிரிவை 2020 கடைசியில் விற்றுவிட்டது. பத்துக் கம்பெனி இப்படிக் கார் செய்தால், எல்லோரும் ஆள் பிடிக்க ஊபரிடம் வருவார்கள், ஊபருக்கு யோகம். ஒன்றிரண்டு கம்பெனி மட்டும் ஜெயித்தால் அவர்களுக்கு ஊபர் எதற்கு? இதில் எது நடக்கும் என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். எனக்கு முதலாவதுக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, ஆனால் அந்தச் சாய்வை வைத்து இன்னொருவர் ஓய்வுப் பணத்தைப் போடச் சொல்ல மாட்டேன்.

பட்டியலாகாத பங்கு விஷயத்தில் நேரடியாகச் சொல்கிறேன், வேண்டாம். அந்தப் பங்குக்கு அன்றாடச் சந்தை விலை கிடையாது, விற்பவர் சொல்வதுதான் விலை, திரும்ப விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் பங்கை மாற்றுவதற்கே அதன் விதிகளில் தடை இருக்கும். ஐ.பி.ஓ., அதாவது பொதுமக்களுக்கான முதல் பங்கு வெளியீடு, வந்தாலும் முன்பே வாங்கியவர்கள் பொதுவாக ஆறு மாதம் விற்க முடியாது. ஐ.பி.ஓ. விலை நீங்கள் கொடுத்ததைவிட அதிகமாகத்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2025-ல் எச்.டி.பி. ஃபைனான்சியல் பட்டியலாவதற்கு முன் வெளியே 1,200 ரூபாய் அளவில் கைமாறியது, ஐ.பி.ஓ. விலை 740 ரூபாய் என்று வந்தது. பெரிய வங்கிக் குழுமத்தின் கம்பெனிக்கே இந்தக் கதி. அனுமதியில்லாத ஆன்லைன் தளங்களில் இப்படிப் பங்கு வாங்க வேண்டாம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லலாம், ஆனால் "பணத்தை முதலில் போடுங்க, பங்கு அப்புறம் டீமேட்டில் ஏறும்" என்ற வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் உங்கள் 8 லட்சம். உங்கள் பென்ஷன் எவ்வளவு, வீட்டில் கல்யாணச் செலவு பாக்கி இருக்கிறதா, மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று எதுவும் நீங்கள் எழுதவில்லை. அதெல்லாம் தெரியாமல் ஒரு குறிப்பிட்ட பங்கை வாங்குங்கள் என்று பொதுவில் சொல்வது என் தொழிலுக்கும் முறையில்லை. ஆனால் 61 வயதில் கையில் இருக்கும் மொத்த ரொக்கம் இதுதான் என்றால், ஒரு வருடச் செலவுக்கானதை வங்கியில் வைத்துவிட்டு, பெரும்பகுதியைத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவதுதான் முதல் வேலை. 60 வயது தாண்டியவருக்கு 30 லட்சம் வரை அதில் இடம் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வரும். அதற்கு மேலும் ஊபர் மீது ஆசை இருந்தால் 40,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம். அது பாதியானாலும் வீட்டில் யாருக்கும் சாப்பாடு குறையக் கூடாது. அதையும் ஒரே நாளில் வாங்காமல், ஒவ்வொரு காலாண்டு முடிவும் வந்த பிறகு வசூல், ஆபரேட்டிங் லாபம், மொத்தப் பங்கு எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வசூல் கூடி ஆபரேட்டிங் லாபம் கூடாத காலாண்டு இரண்டு தொடர்ந்து வந்தால், மேற்கொண்டு வாங்குவதை நிறுத்துங்கள்.

வாங்கும் வழி பற்றி மருமகன் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று. ரூபாயை டாலராக்கி வெளிநாட்டுப் பங்கு வாங்க ரிசர்வ் வங்கி ஒரு நபருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதிக்கிறது, 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் முதலீட்டுக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள், ஆகவே அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் வங்கிக் கட்டணமும் டாலர் மாற்று வித்தியாசமும் சின்னத் தொகையைத் தின்றுவிடும், அனுப்பும் முன் உங்கள் வங்கிக் கிளையில் மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதப்படி. மருமகன் பெயரில் அங்கேயே வாங்கி வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், சொந்தத்தில் பணக் கணக்கு அப்படித்தான் சிக்கலாகும். உங்கள் பெயரில் ஒரே ஒரு பங்கு வாங்கினாலும் இதுவரை போட்டுவந்த ஐ.டி.ஆர்.-1 வருமான வரிப் படிவம் இனி செல்லாது, ஐ.டி.ஆர்.-2 போட்டு, அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தப் பங்கைக் காட்ட வேண்டும். அந்த அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு, நம் ஏப்ரல்-மார்ச் கணக்கு அல்ல. வாங்கிய அன்றைக்கே ரசீதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.